தீர்ப்பிடுதலும் செவிசாய்த்தலும்

தெமோதரை ரயில் நிலையத்துக்கு அடியில் ஒரு சுரங்கம் உண்டு. பதுளையிலிருந்து ஏறிவரும் வண்டி அதனுள் புகுந்து, மலையைச் சுற்றி வளைந்து, மேலேயுள்ள அந்த நிலையத்தையே வந்தடைகிறது. மேடையில் நிற்பவருக்குக் கீழேயுள்ள வழி தெரிவதில்லை. மனித உள்ளமும் அத்தகையதே. அப்படியானால், மனநலப் பிரிவில் பணியாற்றும் தாதி ஒருவர், முன்பின் அறியாத ஒருவரின் உள்ளத்தை மதிப்பிடுவது எங்ஙனம்? பிறரைத் தீர்ப்பிடலாகாது என்று கற்ற நமக்கு இது முறையாகுமா?

தாதி செய்வது என்ன? நோயாளியின் தோற்றம், பேச்சு, உறக்கம், பசி, நினைவாற்றல், நாள் கிழமை பற்றிய தெளிவு ஆகியவற்றைக் கவனிக்கிறார். பிறருக்குக் கேளாத குரல்கள் கேட்கின்றனவா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று வினவுகிறார். நாளையும் வினவுவார், நிலை மாறினால் அவரது குறிப்பும் மாறும். தீர்ப்பு கதவை மூடுகிறது. மதிப்பீடோ கேள்வியால் கதவைத் திறக்கிறது. உண்மையில் தீர்ப்பிடுபவர் நாமே. "அது அங்கொடை கேஸ்" என்று லயத்து வாசலிலேயே முடித்துவிடுகிறோம் அல்லவா?

என் தவறொன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துத் தாய் ஒருவரோடு வைத்தியசாலைக்குச் சென்றேன். (அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.) தாதிக்குத் தமிழ் தெரியாது, தாய்க்குச் சிங்களம் போதாது. கணவர் அருகே நிற்க, நான் மொழிபெயர்த்தேன். "தலை சுத்துது, நெஞ்சு எரியுது" என்று தொடங்கியவர், "சாமி, விடிஞ்சா பெரட்டுக்குப் போகணுமேன்னு நெனச்சாலே செத்தாத் தேவலன்னு இருக்கு" என்றார். அவரது மானத்தைக் காப்பதாக எண்ணி, "மிகவும் களைத்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். தாதி என்னை நோக்கி, "பாதர், அம்மா நீளமாகப் பேசினார், நீங்கள் சுருக்கிவிட்டீர்களே?" என்றார். நாணித் தலைகுனிந்து முழுவதையும் சொன்னேன். அவர் கணவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மெல்ல மெல்லக் கேட்டார். தாய் அழுதார், ஆனால் பதில் சொன்னார்.

இப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைக்காதா என்று அஞ்சுவோர் உண்டு. விதைப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை. மறைத்துச் சுமந்த பாரம் சொல்லும்போது இறங்குகிறது. 1995ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மடிந்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அத்தொகை பெரிதும் குறைந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலையை அரசு 1998இல் நீக்கியது. தற்கொலை செய்தோருக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. கடும் மனத்துயர் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடும் ஏற்றுக்கொள்கிறது. அரசும் திருச்சபையுமே தீர்ப்பிலிருந்து செவிசாய்ப்புக்கு வந்துள்ளபோது, நாம் மட்டும் பின்னிற்பதா?

ஒருவரிடம் உள்ளத்தின் உண்மையைக் கேட்கிறவர், அதைச் சொல்வதற்கான மொழியையும் தனிமையையும் தரக் கடமைப்பட்டவர். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. நோயாளியின் கட்டிலருகே அது ஒலிக்காவிடில் அவருக்கு அதனால் என்ன பயன்? சொன்னதைக் காக்கும் கடமையும் உண்டு. எனினும் அது பாவசங்கீர்த்தன இரகசியம் போன்றதன்று. உயிருக்கு ஆபத்தெனில் தாதி அதை வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதனை நோயாளிக்கு முன்னரே அறிவிப்பது நேர்மை.

கல்லறைகளிடையே அலைந்த மனிதரை ஊரார் சங்கிலியால் கட்டினர். இயேசுவோ அவர் பெயரைக் கேட்டார். நம் வீட்டில் ஒருவர் உறங்காமல், உண்ணாமல், ஒதுங்கி இருந்தால் நாமும் கேட்போம். வைத்தியரிடம் உடன் செல்வோம். மொழிபெயர்க்க நேர்ந்தால், ஒரு சொல்லையும் குறைக்காமல் சொல்வோம். நான் குறைத்த அந்தச் சொல்லில்தான் ஓர் உயிர் தங்கியிருந்தது.