அழுகுவதைப் புதைக்கலாகாது

ஜெர்மனியில் குப்பையைப் புதைக்கும் முன் அதன் மூச்சை அளக்கிறார்கள். நொதிக்க வைத்துப் பதப்படுத்திய குப்பையில் சிறிது எடுத்து, ஆய்வகத்தில் 4 நாள் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உட்கொள்கின்றன என்று பார்ப்பது அங்கே ஒரு சோதனை. உலர்எடையில் ஒரு கிராமுக்கு 5 மில்லிகிராம் என்பது வரம்பு. அதற்கு மேல் போனால் உள்ளே அழுகல் இன்னும் ஓயவில்லை என்று பொருள். குப்பையைப் பதப்படுத்தியே புதைக்க வேண்டும் என்ற நெறியை அந்த நாடு 1993-இல் வகுத்தது. ஊராட்சிகளும் நகரங்களும் தயாராக நீண்ட அவகாசம் தந்தது. 2005 ஜூன் 1 முதல், பதப்படுத்தாத வீட்டுக் குப்பையை எந்தக் கிடங்கும் ஏற்கக் கூடாது என்று கதவை அடைத்தது.

வாழைப்பழத் தோலுக்கு இத்தனை கெடுபிடியா என்று தோன்றலாம். தோலில் நஞ்சு ஏதுமில்லை. காற்றுப்பட மண்ணில் கிடந்தால் சில வாரங்களில் அது எருவாகிவிடும். அதையே பல ஆள் உயரக் குப்பைக்கு அடியில் அமுக்கினால் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக மாற்றுகின்றன. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். அழுகும்போது ஊறும் புளித்த நீர், பக்கத்தில் கிடக்கும் பேட்டரியிலும் சாயத்திலும் உள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. தடுப்புத் தளம் இல்லாத கிடங்கில் அது சேருமிடம் அக்கம்பக்கத்துக் கிணறுகள்தான்.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகை நாளில் வீட்டோடு இருந்தவர்கள் அவர்கள். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு எரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கும் கிடங்கு அது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பத்து நாளுக்கு மேல் புகைந்தது. இவற்றை விபத்து என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஈரமும் காய்ந்ததும் ஒன்றாய்க் கலந்து, ஆண்டுக்கணக்கில் குவிந்தால் இதுதான் நடக்கும் என்பது கொட்டியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கிடங்கின் ஓரத்தில் குடியிருப்போர் பெரும்பாலும் வேறிடம் போக வழியில்லாத ஏழைகள் என்பதும் தெரிந்தே இருந்தது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் வழியே 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. மக்கும் குப்பையை உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும், மண்ணில் புதைப்பது மக்காததற்கும் வேறெதற்கும் பயன்படாததற்கும் மட்டுமே என்று அப்போதே எழுதியாயிற்று. 2016-இன் விதிகள் அதை இன்னும் இறுக்கின. வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அடுக்ககங்கள் தங்கள் ஈரக்குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன. முதல் விதிகள் வந்து 22 ஆண்டு கழித்துத்தான் பெருங்குடி எரிந்தது.

அந்த 22 ஆண்டுக்கு அரசை மட்டும் கேட்டு முடித்துக்கொள்வது எளிது. ஜெர்மனியின் நெறியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். கலந்து வந்த குப்பையை அரைத்து, சலித்து, வாரக்கணக்கில் நொதிக்கவிட்டு அடக்கினாலும், கிடைப்பதை அங்கே வயலில் இடுவதில்லை. கண்ணாடித் தூளும் உலோகத் துகளும் அதில் கலந்துவிட்டன. அழுகல் அடங்கியது, புதைக்கலாம், அவ்வளவே. பயிருக்குச் சோறாக வேண்டுமானால் அது வீட்டில் தனியே எடுத்து வைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எவ்வளவு செலவழித்துக் கட்டிய ஆலையும், அடுக்களையில் ஒருமுறை கலந்ததை முழுக்கப் பிரித்துத் தந்துவிடாது. சட்டம் தீமையைக் குறைக்கும். நன்மை விளைவது குப்பை நம் கையில் இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான்.

ஆகவே சாம்பார் மிச்சத்தையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையில் முடிச்சுப் போடுவதைச் சோம்பல் என்று மட்டும் நான் கருதவில்லை. அது இன்னொருவருக்குச் செய்யும் கொடுமை. அந்த முடிச்சை அவிழ்ப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர், பெரும்பாலும் பெண். புழு நெளியும் சோற்றுக்குள் விரல்விட்டுத் துழாவித்தான் அவர் நம் பாட்டிலை எடுக்கிறார். கண்ணாடி அவர் கையைக் கீறும். மாதவிடாய் நாப்கினையும் டயப்பரையும் தனியே சுற்றித் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. எத்தனை வீடுகளில் அதைச் செய்கிறோம்? நாம் தொட அருவருக்கும் ஒன்றை இன்னொருவர் தொட்டே ஆகும்படி செய்வதற்கு, மாதச் சம்பளம் கொடுக்கப்படுகிறது என்பது நியாயமாகாது.

பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்ற குறை எல்லாத் தெருவிலும் கேட்கிறது. பல இடங்களில் அது உண்மை. பச்சைத் தொட்டியில் போட்டதையும் நீலத் தொட்டியில் போட்டதையும் ஒரே லாரியில் ஏற்றும் நகராட்சி, பிரித்துக் கொடுத்த குடும்பத்தின் நம்பிக்கையைக் கெடுக்கிறது. ஒருமுறை போன அந்த நம்பிக்கையை மீட்க நாளாகும். ஆனால் பிரிக்காமல் கொடுப்பவருக்கு அதைத் தட்டிக்கேட்கும் வாய் ஏது? தென் கொரியா 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்தது. 2013 முதல், வீணாக்கும் அளவுக்கேற்ப வீட்டார் கட்டணம் செலுத்துகிறார்கள். அங்கே அரசும் வீடும் சேர்ந்தே மாறின. ஒருவர் மாறட்டும் என்று மற்றவர் காத்திருக்கவில்லை.

ஈரக்குப்பையை எருவாக்கும் முறையில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. நம் கிராமத்து வீடுகளில் எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் இலைதழையும் காய்கறித் தோலும் அதில் விழுந்து, கோடை உழவுக்கு வயலுக்குப் போயின. நகரத்து மாடியில் அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட இரண்டு தொட்டிகள் போதும். ஈரக்குப்பை ஓர் அடுக்கு, காய்ந்த சருகோ தேங்காய்நார்த் தூளோ ஓர் அடுக்கு, வாரம் ஒருமுறை கிளறல். நாற்றம் வந்தால் காற்றோ சருகோ போதவில்லை என்று அறியலாம். பெரிய குவியலாகச் செய்யும் உர மையங்களில் உள்வெப்பம் 55 டிகிரிக்கு மேல் ஏறிச் சில நாள் நீடிக்கும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அதில் சாகும்.

2016-இன் விதிகளில் நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷங்களைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. உரிமம் பெறாத இடத்தில் நடத்தினால் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பந்திக்கு எத்தனை இலை என்று சமையற்காரரோடு பேசி முடிக்கும் பெண்வீட்டாரும் மாப்பிள்ளைவீட்டாரும், அந்த இலைகள் எங்கே போகும் என்பதையும் அன்றே பேசி முடிக்கலாம். பிளாஸ்டிக் டம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் இலைக்குள் வைத்து மடிக்க வேண்டாம் என்று பந்தியில் நிற்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை இலையும் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும்.