சபையும் வனமும்

திரௌபதி கதறிய சபையில் தர்மம் அறிந்தோர்க்குக் குறைவில்லை. பீஷ்மர் பேசுவார், துரோணர் பேசுவார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தனர். விதுரரும் இளையவனான விகர்ணனுமே நியாயம் உரைத்தனர்.

தண்டகாரண்யத்திலோ பார்ப்பதற்கு வேறு முகமில்லை. உறங்கிக்கொண்டிருந்த ஜடாயு, பிராட்டியின் கூக்குரல் கேட்டு விழித்தார். தாம் அறுபதினாயிரம் வயதுக் கிழவர், ராவணனோ ஆயுதம் ஏந்திய இளையவன்! அதை அவனிடமே சொல்லி, எதிர்த்துச் சிறகிழந்தார். பெருமாள் தம் திருக்கரங்களாலே அவருக்கு ஈமக்கடன் செய்தருளினார். திருப்புட்குழி ஸ்தலபுராணம் இதனையே கூறும்.

உற்சவத் திரளில் ஒருவர் மூர்ச்சித்து விழுந்தால், தொண்டர் வருவார் என்றெண்ணிப் பலர் விலகிச் செல்கின்றனர். சாலை விபத்திலோ வழக்கு அச்சம் வேறு. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் உதவியவரைக் காக்கிறது. பெயர் கூறும்படியும் அவரை வற்புறுத்தலாகாது. மயங்கியவர் முகத்தில் நீர் தெளிக்கவோ சட்டமும் வேண்டா. அதற்குள் சேவை தவறிவிடுமே எனில், பெருமாள் மாலையிலும் எழுந்தருளுவார்.