கூலியும் வினையும்

தகாததென ஒருவன் தன் நெஞ்சில் எண்ணும் ஒரு செயலைப் பிறன் கொடுக்குங் கூலியின்பொருட்டுச் செய்வானாயின், அதன் பழி யாரைச் சாரும்? பெற்றவனையா, கொடுத்தவனையா? இவ்வினா பழையது. ஆயினும் இமயத்தின் பனிச்சிகரங்களில் இற்றைநாளில் நிகழ்வதனை நோக்குங்கால், இதனை எளிதின் விடுத்தல் நமக்குக் கூடவில்லை.

நேபாளத்திலே கும்பு என்னும் மலைநாட்டில் வாழ்பவர் சேர்ப்பா மக்கள். இவர்தம் முன்னோர் ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்னர்க் கீழைத் திபெத்தினின்றும் வந்து குடியேறினோர். கவரியெருது மேய்த்தும், கிழங்கு பயிரிட்டும், திபெத்து உப்பைத் தானியத்துக்கு மாற்றியும் சீவித்த பௌத்தர். எவறெஸ்ற் என நாம் வகுப்பிற் படிப்பிக்கும் சிகரம் அவர்க்குச் சோமோலுங்மா. மியோலங்சங்மா என்னுந் தேவி உறையுமிடம். தம் ஊர்களைக் காக்குந் தெய்வத்தின் இருக்கையாகிய கும்பிலா மலையை ஏறலாகாதென இன்றும் போற்றுகின்றனர். அந்நியர் வருமுன் சிகரமேறுதல் அவர் வழக்கன்று. கயிலையைக் காலான் மிதித்தற்கஞ்சித் தலையினால் நடந்த காரைக்காலம்மையார் சரிதத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வச்சத்தின் இயல்பை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அம்மக்களே இன்று பணங்கொடுப்போரை அச்சிகரத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். பனியாறு செங்குத்தாய்ச் சரிந்து பாளம்பாளமாய் உடையும் இடத்திலே பிளவுகளின் குறுக்கே ஏணி கிடத்துவோர் அவர். மேலே கயிறு கட்டுவோர் அவர். கூடாரமும் உணவும் பிராணவாயுக் குடுவையும் முதுகிற் சுமப்போரும் அவரே. அப்பனி எக்கணத்திலும் பெயர்ந்து வீழும். பயணி அதனைச் சிலமுறை கடப்பான். சுமப்பவனோ அதனினும் பலமுறை கடத்தல் வேண்டும். புறப்படுமுன் மலையடிவாரத்திற் கல்லாற் பீடமமைத்து, நறும்புகையிட்டு, பனிக்கோடரியையும் ஆணிச்சப்பாத்தையும் அருகே வைத்து, லாமா ஒருவர் பூசை செய்வர். மிதிக்கப்போகும் பிழைக்கு முன்னரே பொறுதி வேண்டுதல் அது. பணங்கொடுத்தோரும் உடனிருப்பர், புகைப்படமும் எடுப்பர்.

1922இல் ஆங்கிலேயர் அம்மலையில் ஏற முயன்றபோது பனிச்சரிவில் எழுவர் மாண்டனர், எழுவருஞ் சுமைகாரர். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ந் திகதி 16 பேர் மாண்டனர். அவருள் அந்நிய தேசத்துப் பயணி ஒருவருமிலர். இவ்விரண்டுக்கும் இடையிற் கழிந்தவை 92 ஆண்டுகள். 2014இலே இறந்தோர் குடும்பத்துக்கு அரசு முதலிற் கொடுக்க முன்வந்தது 40,000 நேபாள றூபா. அக்காலத்தும் பயணி ஒருவன் அவ்வேற்றத்துக்குச் செலவிட்டது பல்லாயிரம் டொலர். சேர்ப்பாக்கள் சினந்து தொழிலை நிறுத்தினர். அவ்வாண்டு அவ்வழியே ஏறுதல் ஏறக்குறைய முற்றும் ஒழிந்தது.

அவர் தாமே விரும்பி வருகின்றனர், அக்கூலியாலன்றோ அந்நாட்டில் நல்ல வீடுகள் எழுந்தன எனின், அது மெய்யே. ஹிலறி அவர்கள் 1961இல் கும்ஜுங் ஊரிலே பாடசாலை அமைத்ததும், அம்மக்களோடு சிகரத்தாற் கொண்ட உறவினாலேயாம். அன்றியும், சேர்ப்பாக்கள் யாவரும் மனமின்றியே ஏறுகின்றனரென்பது பிழை. 2021ஆம் ஆண்டு சனவரியில் கே-2 சிகரத்தை மாரிகாலத்தில் முதன்முதல் ஏறிய பதின்மரும் நேபாளத்தவர். அவருள் ஒன்பதின்மர் சேர்ப்பாக்கள். அது தமக்கென ஏறிய ஏற்றம். நாம் வினவுவது அதனையன்று.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றனையும் வினையென்றே நம் முன்னோர் கொண்டனர். கூலி கொடுத்தலால் ஒருவன் செய்வித்தோன் ஆதலினின்றும் நீங்கான். வறுமையால் உடன்பட்டவனுக்குப் பழி சிறிது உண்டெனினும், அவனினும் தாழாத பங்கு, வேறு வழியெல்லாம் உடையவனாயிருந்தும் பெருமை ஒன்றன்பொருட்டே அவனை அழைத்தோனுக்கு உண்டென்பது நம் கருத்து. வெற்றி தனக்கு, இடர் அவனுக்கு என்னும் பங்கீட்டை எந்த ஒப்பந்தமும் நேர்மையாக்க மாட்டாது. தக்க காப்புறுதியும் சுமையளவும் கேட்டறியாது பணத்தை மட்டும் எண்ணிக் கொடுப்போன், தான் யாது செய்விக்கின்றான் என்பதை அறிய மனமில்லாதவனே.

செய்விப்போனுக்கு அடங்கி நிற்றலும் கூடும். கஞ்சன்சங்கா மலை சிக்கிம் மக்களுக்குத் தெய்வத்தின் உறைவிடம். 1955இல் அங்கு ஏறச் சென்ற பிரித்தானியர் சிகரத்தின் உச்சியை மிதிப்பதில்லையென அந்நாட்டரசர்க்கு வாக்களித்தனர். அவருள் யோ பிறவுண், யோர்ச் பாண்ட் என்னும் இருவர் மேமாதம் 25ந் திகதி உச்சிக்குச் சில அடி கீழே நின்று மீண்டனர். அம்மலையை முதலில் ஏறியோரென்று ஏடுகளில் எழுதப்பட்டிருப்பது அவ்விருவர் பெயரே.