ரசீதோடு வாருங்கள், கேள்வி கேட்போம்

சென்னைவாசிகளே, அடுத்த மழைக்கு முன் இதைப் பேசித் தீர்க்க வேண்டும். தெருவில் தண்ணீர் தேங்கியதும் "வரி வாங்கத் தெரிகிறதே!" என்று மாநகராட்சியைத் திட்டுகிறோம். அதைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

வரி ஏறிய விதம் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. பழைய சென்னையில் 1998க்குப் பின் 2022 வரை சொத்துவரிப் பொதுச் சீராய்வே நிலைக்கவில்லை. 2018இல் கூட்டிய வரியை 2019இல் நிறுத்திவைத்தார்கள். 2022இல் வீடுகளுக்கு 50 முதல் 150 சதவீதம் வரை ஒரேயடியாக ஏற்றினார்கள். ஆண்டுக்காண்டு சிறிதாக ஏறியிருக்க வேண்டியதைத் தேர்தல் பயத்தில் தள்ளிப்போட்டு, மொத்தமாக மக்கள் தலையில் இறக்கியது ஆட்சியாளர் குற்றம்.

அதற்காக நாம் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. கீழே கடை நடக்கிறது, கணக்கில் குடியிருப்பு. மாடியில் இரண்டு குடித்தனம், கணக்கில் வெறும் மொட்டை மாடி. அளக்க வந்தவர் சட்டைப்பையில் எதையோ வைத்து அனுப்பியாயிற்று. இதைச் சாமர்த்தியம் என்கிறோம், இது திருட்டு. ஓய்வூதியத்தில் கணக்காக வரி கட்டும் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பணத்தில் நம் வீட்டுக் குப்பை அள்ளப்படுகிறது. 2011இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் இன்னும் வடிகாலுக்குக் காத்திருக்கும் தெருக்களுக்குப் போக வேண்டிய பணமும் நாம் ஏய்த்த வரிதான்.

ஆகவே மறைத்த சதுர அடியை இன்றே திருத்திக் கொடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே கட்டுங்கள். 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு. சேவை சரியில்லை என்று வரியை நிறுத்திவைக்காதீர்கள். நிலுவை ஏறுமே தவிர வடிகால் வராது. மழைநீர் வடிகாலில் குப்பைப் பையை வீசாதீர்கள்.

கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வதும் தவறுதான். உங்கள் வார்டில் நடக்கும் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வாருங்கள். உங்கள் வாடகையிலும் அந்த வரி இருக்கிறது. நம் தெரு வேலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், எப்போது முடியும் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். மாநகராட்சியின் 1913 உதவி எண்ணில் புகார் பதிந்தால் புகார் எண்ணைக் குறித்துவைத்துத் தொடருங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

நேர்மையாகக் கட்டியவன் கேள்விக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்லியாக வேண்டும். மழை வருமுன் கேளுங்கள்.