கொடுத்தவரின் கட்டளை

ஒருவர் தம் உடைமை முழுவதையும் பிறர்க்கென எழுதி வைத்த பின்னரும், அது யாருக்கு, எவ்வகையில், எவ்வளவு காலம் பயன்பட வேண்டும் என்பதைத் தாமே வரையறுத்துச் செல்வாராயின், அவர் உண்மையில் துறந்தது எதை என்பது அறவியலில் எளிதில் தீராத வினா. உடைமை என்பது ஒரு பொருள் தனக்குரியது என்னும் உரிமை; ஆளுகை என்பது அப்பொருளை நடத்தும் அதிகாரம். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதால் இவற்றிடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மிட்டாய்க்கடைக்காரராகத் தொழிலைத் தொடங்கிய மில்டன் ஹெர்ஷியின் (1857–1945) வாழ்வில் அவ்விரண்டும் தனித்தனியே பிரிந்து நின்றன. ஆகவே இவ்வினாவை அவ்வாழ்வில் வைத்து ஆராய்வது பொருந்தும்.

அவருடைய தாய் ஃபேனி மென்னோனைட் மரபில் ஊறியவர். மென்னோனைட்டுகள் என்போர், 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதை மறுத்து, ஆணையிடுதலையும் ஆயுதம் ஏந்துதலையும் விலக்கி, எளிய உடையையும் கடின உழைப்பையும் வாழ்நெறியாகக் கொண்ட கிறித்தவப் பிரிவினர். மென்னோ சைமன்ஸ் என்பாரின் பெயரால் அறியப்படுபவர்கள். இம்மரபினர் பெரிதும் போற்றும் கருத்து, தமிழ்க் கிறித்தவர் உக்கிராணத்துவம் என்று வழங்குவது. உக்கிராணக்காரன் என்பவன் வீட்டுத் தலைவனின் பண்டசாலையைக் காத்து நடத்துபவன். திறவுகோல் அவனிடம் இருக்கும், பண்டம் அவனுடையதன்று. செல்வம் அனைத்தும் இறைவனுடையது, மனிதர் அதற்கு உக்கிராணக்காரர் மட்டுமே என்று கொண்டால், கொடை என்பது வள்ளன்மை ஆகாது, கணக்கு ஒப்படைத்தல் ஆகும். ஹெர்ஷி சபை ஒழுங்குகளுக்கு உட்பட்டு வாழ்ந்தவர் அல்லர். அவர் 1898-இல் மணந்த கேத்தரின் கத்தோலிக்கர். ஆயினும் தாயின் நெறி அவர் செல்வத்தை நடத்திய முறையில் ஆழமாகப் பதிந்திருந்தது என்று கருத இடமுண்டு.

அச்செல்வம் எளிதில் வந்ததன்று. சில ஆண்டுகளே பள்ளி சென்ற அவர், லங்காஸ்டர் நகரில் ஜோசப் ராயர் என்னும் மிட்டாய்த் தொழிலரிடம் பயிற்சி பெற்று, 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் தமக்கென ஒரு மிட்டாய்க்கடையைத் திறந்தார். தாயும் தாயின் உடன்பிறந்தாளும் உடனிருந்து மிட்டாய்களைத் தாளில் சுற்றித் தந்தும், ஆறாண்டுகளில் அக்கடை கடனில் முடிந்தது. பின்னர் நியூயார்க்கில் தொடங்கிய கடையும் நிலைக்கவில்லை. இடையில் டென்வர் நகரில் வேலை பார்த்தபோது, புதிய பால் சேர்த்துக் காய்ச்சினால் கேரமல் மென்மையும் கெடாத தன்மையும் பெறும் என்று கற்றிருந்தார். 1886-இல் லங்காஸ்டருக்குத் திரும்பி அம்முறையில் கேரமல் செய்தபோதுதான் தொழில் தழைத்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கண்ட ஜெர்மானிய சாக்லேட் இயந்திரங்களை விலைக்கு வாங்கியவர், 1900-இல் கேரமல் நிறுவனத்தைப் பத்து லட்சம் டாலருக்கு விற்று, தாம் பிறந்த பால்பண்ணை நாட்டுப்புறத்திலேயே சாக்லேட் ஆலையையும் தொழிலாளர்க்கான ஊரையும் எழுப்பினார்.

மக்கட்பேறு இல்லாத ஹெர்ஷியும் கேத்தரினும் 1909-இல் சாசனம் எழுதி, ஆதரவற்ற சிறுவர்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கைத்தொழிலும் தரும் பள்ளி ஒன்றை நிறுவினர். கேத்தரின் 1915-இல் இறந்தார். 1918-இல் ஹெர்ஷி, ஏறத்தாழ ஆறு கோடி டாலர் மதிப்புள்ள தம் நிறுவனப் பங்குகளை அப்பள்ளியின் பெயரால் அறக்கட்டளைக்கு மாற்றினார். 1923 வரை இச்செய்தி வெளியுலகுக்குத் தெரியாது. விவிலியத்தின் மலைப்பிரசங்கம் கொடையை மறைவில் செய்யச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டு யூத மெய்யியலாளர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்து, பெறுபவர் பிறரை அண்டாமல் தம் காலில் நிற்கும்படி செய்வதை அனைத்திற்கும் மேலான படியாக வைத்தார். இவ்விரு அளவுகோல்களுக்கும் ஹெர்ஷியின் கொடை பெரிதும் ஒத்துவருவது, மனம் திறந்து பாராட்டத்தக்கது. 1930-இல் தம் மாளிகையையும் ஊர் மன்றத்தின் பயன்பாட்டுக்கு விட்டுவிட்டு, அதன் மேல்மாடி அறைகள் சிலவற்றில் அவர் வாழ்ந்தார்.

ஆனால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிறருடைய நலனுக்காகச் சொத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் பொருள் நம்பிக்கை என்பது. தமிழ்ச் சொல்லாகிய அறக்கட்டளையிலோ கட்டளை என்பதே வருமொழியாக நிற்கிறது. இரண்டில் தமிழ்ச் சொல்லே உண்மையை மறைக்காமல் சொல்கிறது. 1909 சாசனம் பள்ளியில் சேரத் தகுதியுடையோரை ஏழையரும் உடல்நலமுடையோரும் வெள்ளையருமான ஆண் அனாதைகள் என வரையறுத்தது. ஃபிலடெல்ஃபியாவின் பெருவணிகர் ஸ்டீஃபன் ஜிரார்ட் 1831-இல் இறக்குமுன் எழுதிய விருப்ப ஆவணம் இதற்கு முன்மாதிரியாக இருந்தது. காலத்தின் வழக்கம் அது என்று கூறி இதைக் கடந்துவிட முடியாது. ஏனெனில் வழக்கம் மாறிய பின்னும் மாறாதிருக்கும்படி எழுதப்படுவதே சாசனம். உக்கிராணக்காரனுக்குப் பண்டத்தைப் பங்கிடும் பணி உண்டு. தலைவனின் பிள்ளைகளில் இன்னாருக்கு இல்லை என்று கதவடைக்கும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

உக்கிராணத்துவத்தின் மறுபாதி பொறுப்புக்கூறல். 1918-க்குப் பின் ஹெர்ஷியிடம் உடைமை இல்லை, ஆளுகை இருந்தது. அவ்வகையில் அவர் சொல்லின் முழுப்பொருளிலும் உக்கிராணக்காரர் ஆனார். அவர் யாரிடம் கணக்குச் சொன்னார் என்பதே எஞ்சும் கேள்வி. ஊரின் வீடுகளும் பூங்காவும் டிராம் வண்டியும் அவர் கொடையாக இருந்தன; ஆனால் அவ்வூரை நடத்துவதில் குடிமக்களுக்குச் சொல்லுரிமை மிகக் குறைவு. 1937 ஏப்ரலில் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது, பால் வாங்குவாரின்றிப் போன பண்ணைக்காரர்களும் நிறுவனத்தின் பக்கம் நின்ற தொழிலாளர்களும் உள்ளே புகுந்து அவர்களை அடித்து வெளியேற்றினர். தந்தையாக நின்று கொடுப்பவர், பெறுவோரை என்றும் பிள்ளைகளாகவே வைத்திருக்க நேர்கிறது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

இறந்தவரின் கட்டளை உயிரோடிருப்போரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பதைச் சட்டமும் எதிர்கொண்டது. கொடையாளரின் கட்டளையை எழுத்துப்படி நிறைவேற்ற இயலாதபோது, அதற்கு இயன்றவரை நெருங்கிய நோக்கத்துக்குச் சொத்தைத் திருப்பலாம் என்னும் கோட்பாடு ஆங்கிலேய, அமெரிக்கச் சட்டங்களில் உண்டு. இதன்படியே 1963-இல் நீதிமன்ற ஒப்புதலுடன் அறக்கட்டளையின் ஐந்து கோடி டாலர், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஹெர்ஷியின் ஊரில் மருத்துவக் கல்லூரி அமைக்க வழங்கப்பட்டது. 2002-இல் அறங்காவலர்கள் சாக்லேட் நிறுவனத்தையே விற்க முனைந்தபோது ஊர்மக்கள் தெருவில் இறங்கினர். மாநிலத் தலைமை வழக்கறிஞரும் நீதிமன்றத்தை நாடினார். ரிக்லி நிறுவனம் தர முன்வந்த 1,250 கோடி டாலரை மறுத்து அறங்காவலர்கள் பின்வாங்கினர். ஹெர்ஷி உயிரோடிருந்தபோது கேட்கப்படாத கணக்கை, அவர் மறைந்து 57 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய ஊர் கேட்டது.

ஆகவே ஹெர்ஷி செல்வத்தைத் துறந்தார், அதிகாரத்தைத் துறக்கவில்லை என்பதே பொருந்தும் தீர்ப்பு. கொடை மெய்யானது; கட்டளையில் அறத்தோடு ஒவ்வாத பகுதி அவர் கையால் நீங்கவில்லை, பின்வந்தோர் கையால் நீங்கியது. நிறத்தடை 1968-இல் அகன்றது. 1970களில் பெண்களுக்கும் கதவு திறந்தது. இன்று அப்பள்ளியில் எல்லா இனத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 2,000 ஏழைச் சிறுவர் சிறுமியர் கட்டணமின்றித் தங்கிப் படிக்கின்றனர்.