எலும்பும் உரிமையும்

இறந்தவர் பேசார் என்பது உலக வழக்கு. எலும்பியல் கற்ற அறிஞர் இதனை முழுதும் ஒப்புவதில்லை. தோலும் தசையும் மண்ணோடு மண்ணாய்ப் போன பின்னரும், வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளில் பல நெடுங்காலம் நிலைத்து நின்று, தமக்குரியவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை உரைத்துக்கொண்டே இருக்கின்றன. இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு அவர் ஆணா பெண்ணா என்று துணியலாம். நீண்ட எலும்புகளின் முனைகள் தண்டோடு பொருந்தியிருக்கும் நிலை இளையோரின் வயதைக் காட்டும். தொடையெலும்பின் நீளம் உயரத்தை அளந்து சொல்லும். முறிந்து கூடிய விலா, தேய்ந்த முதுகெலும்பு, பற்சிதைவு ஆகிய ஒவ்வொன்றும் அவர் வாழ்க்கை ஏட்டின் ஓர் இதழ் எனலாம். படிக்கத் தெரிந்தவர் படிக்கின்றனர். ஆனால், அந்த ஏட்டைத் திறக்க அவர்க்கு இசைவு அளித்தவர் யார்? கல்விக்கூடங்களில் அரிதாகவே எழுப்பப்படும் வினா இது.

மலேசிய மாணவர் அறிந்த எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்குவது நலம். 1990களின் தொடக்கத்தில், பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கிலுள்ள குனோங் ருந்து குகையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் அறிஞர் சுரைனா மஜித் தலைமையில் நடந்த அகழாய்வில் ஒரு முழு எலும்புக்கூடு வெளிப்பட்டது. ‘பேராக் மனிதன்’ என்று பெயரிடப்பட்ட அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. கருவிலுள்ள குழந்தையைப் போலக் கால்கள் மடக்கப்பட்டுக் கிடந்த அவ்வுடலைச் சுற்றி ஆற்றுச் சிப்பிகளும் கற்கருவிகளும் இருந்தன. இடக்கை விரலெலும்புகளில் பிறவிக் குறை காணப்பட்டது. அக்குறையோடும் அவர் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்தார். மதிப்போடு அடக்கம் செய்யப்பட்டார். வேட்டையாடி வயிறு கழுவிய ஒரு சிறு கூட்டம், கை குறைந்த ஒருவரைக் கைவிடாது காத்தது என்ற செய்தியை எந்தச் செப்பேடும் சொல்லவில்லை, எலும்பே சொல்லிற்று. 2012இல் லெங்கோங் பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டதற்கு வலுச் சேர்த்த சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அறிவு வளர்ந்தது, ஐயமில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சிப்பிகளை அங்கே பரப்பியவர்கள் அருங்காட்சியகத்தை எண்ணிப் பரப்பவில்லை. அவரை அங்கேயே விட்டுவைக்கும் நோக்கத்தோடு வைத்தார்கள். அந்நோக்கத்துக்கு இன்று ஏதேனும் மதிப்பு உண்டா? பத்தாயிரம் ஆண்டுகள் கழிந்தமையால் அது செல்லாததாகிவிட்டதா? செல்லாததாகிவிட்டது எனில், எந்த ஆண்டில், எந்த நாளில் செல்லாமற் போயிற்று? காலத்தை அளவுகோலாகக் கொள்வோர் இவ்வினாவுக்கு விடை தரக் காணோம்.

காலம் மிகுதியும் கழியாத ஒருவரின் கதை இவ்வினாவை இன்னும் கூர்மையாக்கும். அயர்லாந்தில் 1761இல் பிறந்தவர் சார்ல்ஸ் பைர்ன். ஏழரை அடிக்கு மேல் வளர்ந்த அவர் 1782இல் இலண்டன் சென்று, தம் உடலையே காட்சிப்பொருளாக்கிப் பிழைத்தார். மறு ஆண்டே, இருபத்திரண்டு வயதில், நோயுற்று மாண்டார். அக்காலத்தில் உடற்கூற்று மருத்துவர்கள் பிணங்களைத் தேடி அலைந்தனர்; புதைகுழிகளுக்கும் காவல் வேண்டியிருந்தது. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் தம் உடலின்மீது கண் வைத்திருந்ததைப் பைர்ன் அறிந்திருந்தார். ஆகவே, தம்மை ஈயப்பெட்டியில் அடைத்துக் கடலில் ஆழ்த்திவிடுமாறு நண்பர்களிடம் வேண்டிக்கொண்டார். வேண்டுகோள் நிறைவேறவில்லை. வழியிலேயே கையூட்டு கைமாறிற்று. உடல் ஹண்டரின் கைக்குப் போயிற்று. தசை நீக்கப்பட்ட அவ்வெலும்புக்கூடு, இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணாடிக்குள் நின்றது.

இதனைக் கேட்ட மாத்திரத்தில் சினம் எழுவது இயல்பு. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 1909இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் அம்மண்டையோட்டைத் திறந்து ஆராய்ந்தார். மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி அமரும் குழி பெரிதாகியிருந்ததைக் கண்டார். அச்சுரப்பியில் தோன்றிய கட்டியே பெருவளர்ச்சிக்குக் காரணம் என்பது இதனால் உறுதிப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவருடைய பற்களிலிருந்து பெறப்பட்ட மரபணுவில் ஒரு குறை காணப்பட்டது. அதே குறை, இன்றும் வட அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களில் இருப்பது தெரியவந்தது. அக்குடும்பத்துப் பிள்ளைகளை முன்கூட்டியே சோதித்து மருத்துவம் செய்ய இன்று வழி உண்டு. கடலில் ஆழ்த்தப்பட்டிருந்தால் பைர்ன் அவர்களுக்கு உதவியிருக்க முடியாது.

நன்மை விளைந்தது என்பதற்காகக் கொடுமை கொடுமையல்லாமற் போகுமா? இறந்தவர்க்கு வலி இல்லை, ஆகவே அவர்க்குத் தீங்கும் இல்லை என்பர் ஒரு சாரார். இவ்வாதம் தோற்றத்தில் வலுவுடையது. ஆனால் வழக்கில் எவரும் இதனைப் பின்பற்றுவதில்லை. ஒரு தந்தை தம் வீட்டை மகளுக்கு எழுதி வைத்து இறக்கிறார். இறந்தவர்க்குத் தெரியவா போகிறது என்று சொல்லி அவ்வீட்டைப் பிறர் எடுத்துக்கொண்டால் நீதிமன்றம் பொறுக்குமா? வீட்டைப் பற்றிய சொல் செல்லும், உடலைப் பற்றிய சொல் செல்லாது என்பது விந்தையான நீதி. மேலும், தம் இறுதி வேண்டுகோள் மதிக்கப்படாது என்று அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே அஞ்சுகிறார். பைர்ன் அஞ்சினார். அந்த அச்சம் இறந்தவரின் அச்சமன்று, உயிருள்ளவரின் அச்சம்.

எதிர்வாதத்தையும் புறந்தள்ளுதல் இயலாது. இன்று நோயுறக்கூடிய ஒரு குழந்தையின் நலனையும், என்றோ மாண்டவரின் விருப்பத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இயலுமா? குழந்தையின் பக்கம் சாய்வதே அறம் என்று சொல்வோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், இங்கே இரு செயல்கள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. இரு பற்களிலிருந்து சிறு துகள் எடுத்து ஆராய்தல் ஒன்று. இருநூறு ஆண்டுகள் கண்ணாடிக்குள் நிறுத்திக் கட்டணம் பெறாமலோ பெற்றோ வேடிக்கை காட்டுதல் மற்றொன்று. முன்னது ஒரு வினாவை எழுப்பி விடை தேடுகிறது. பின்னதில் வினாவே இல்லை. 2023 சனவரியில் அவ்வருங்காட்சியகம் பைர்னின் எலும்புக்கூட்டை இனிக் காட்சிக்கு வைப்பதில்லை என்று அறிவித்தது. ஆயினும் ஆய்வுக்காக வைத்துக்கொண்டது. பாதி நீதி என்று இதனைச் சொல்லலாம். ஆய்வு வேண்டுமானால் அதற்கேற்ற அளவு எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அவர் கேட்ட கடலுக்கே அனுப்பியிருந்தால் முழு நீதிக்கு அருகில் வந்திருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கண்ணாடிக்குள் நின்றவர்கள் யார் யார் என்று பார்த்தால், அவர்களுள் பிரபுக்களைக் காண்பது அரிது. டாஸ்மேனியாவின் பழங்குடிப் பெண் துருகனினி 1876இல் இறக்குமுன், தம் உடல் சிதைக்கப்படலாகாது என்று வேண்டினார். பின்னர் அவர் எலும்புக்கூடு அங்குள்ள அருங்காட்சியகத்தில் 1947 வரை காட்சிப்பொருளாயிற்று. இறந்து நூறாண்டு கழிந்து, 1976இல் தான் அது எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலில் தூவப்பட்டது. கல்கத்தாவிலிருந்தோ நெடுங்காலம் உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் கப்பலேறின. 1985இல் இந்திய அரசு அவ்வேற்றுமதிக்குத் தடை விதித்தது. அவை பெரும்பாலும் ஏழைகளின் எலும்புகள். ஆய்வுக்கூடத்து மூலையில் கம்பியில் தொங்கும் எலும்புக்கூட்டுக்கு மாணவர் வேடிக்கைப் பெயர் சூட்டுவது எங்கும் உள்ள வழக்கம். அதற்கு முன்னரே ஒரு பெயர் இருந்திருக்கும் என்று எந்த ஆசிரியராவது நினைவூட்டியிருந்தால், பாடம் அன்று சற்று நேரம் நின்றிருக்கும். நின்றதனால் கெட்டுப் போயிராது.

இதுவரை சொன்னவற்றால், எலும்பைத் தொடுவதே பிழை என்று எவரேனும் முடிவு கட்டினால் அதுவும் தவறாகும். சில எலும்புகள் தம்மைக் கேட்குமாறு காத்துக் கிடக்கின்றன.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. பல்லாயிரவர் கடத்திச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். பலர் பெயரின்றிப் புதைக்கப்பட்டனர். ஆட்சி மாறியதும் உறவினர்கள் புதைகுழிகளைத் திறக்க விரும்பினர். மண்வெட்டியாலும் இயந்திரத்தாலும் தோண்டியபோது எலும்புகள் நொறுங்கிக் கலந்தன, சான்றுகள் அழிந்தன. 1984இல் அங்குச் சென்ற அமெரிக்கத் தடய மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ, மாணவர் சிலரைத் திரட்டி, தொல்லியலார் பொறுமையோடு மண்ணைத் தூரிகையால் துடைக்கும் முறையைக் குற்ற ஆய்வுக்குக் கொண்டுவந்தார். அவ்விளைஞரே பின்னர் அர்ஜென்டினத் தடய மானிடவியல் குழுவாகி, உலகின் பல நாடுகளில் பணியாற்றினர். 1985இல் படைத்தலைவர்கள் மீதான வழக்கில் ஸ்னோ சான்றுரைத்தார். பேசமாட்டா என்று கருதப்பட்டவை நீதிமன்றத்தில் பேசின.

எஸ்தெலா தெ கார்லோத்தோ என்னும் ஆசிரியையின் மகள் கருவுற்றிருந்த நிலையில் கடத்தப்பட்டு 1978இல் கொல்லப்பட்டாள். உடல் மட்டும் தாயிடம் தரப்பட்டது. குழந்தை பிறந்ததா என்பதே ஐயமாயிருந்தது. 1985இல் அத்தாய் தம் மகளின் குழியைத் திறக்க ஒப்பினார். இடுப்பெலும்பை ஆராய்ந்த ஸ்னோ, அவள் குழந்தை பெற்றிருக்கிறாள் என்று கூறினார். ஒரு பேரப்பிள்ளை எங்கோ வளர்கிறது என்ற நம்பிக்கையைத் தாய்க்குத் தந்தவள் மாண்ட மகளே எனலாம். காணாமற்போன பேரப்பிள்ளைகளைத் தேடும் பாட்டிமார் அமைப்புக்குப் பிற்காலத்தில் தலைமை ஏற்ற கார்லோத்தோ, 2014இல் தம் பேரனைக் கண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. தம் பிறப்பில் ஐயுற்றுத் தாமே சோதனைக்கு முன்வந்தவர்.

ஆயினும் அதே நாட்டில், மகனையோ மகளையோ இழந்த தாய்மார் அனைவரும் குழிகளைத் திறக்க இசையவில்லை. ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தனர். எலும்பை வாங்கிக்கொண்டால் இறப்பை ஏற்றதாகும். கொன்றவர் தண்டனையின்றித் தப்புவர் என்பது அவர்கள் அச்சம். இவர்களை அறியாமையுடையவர் என்று ஒதுக்குதல் முறையன்று. ஆய்வாளர் குழு பின்பற்றிய நெறி ஈண்டுக் குறிக்கத்தக்கது: உறவினரோடு கலந்து பேசி, அவர்தம் விருப்பத்துக்கு மதிப்பளித்தே பணியாற்றினர். இலண்டனில் ஹண்டர் செய்ததும் இங்கு இவர்கள் செய்ததும் எலும்பாய்வே. வேறுபாடு கருவியில் இல்லை. கேட்டதிலும் கேளாததிலும் இருக்கிறது.

கேட்பதற்கு உறவினர் இருந்தால் கேட்கலாம். இல்லாதபோது?

1942இலும் 1943இலும் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதையில், நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு, அவர்களினும் பன்மடங்கு மிகுந்த ஆசியத் தொழிலாளரும் உழைத்து மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கைதிகளுக்கு வரிசை வரிசையாய்க் கற்கள் உண்டு; பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் யாவும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசையில்லை. கூட்டங்கூட்டமாய்ப் புதைக்கப்பட்டவர் பலர். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு பெருங்குழியிலிருந்து நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். பல் வயதைச் சொல்லும். தொடையெலும்பு உயரத்தைச் சொல்லும். பெயரை எந்த எலும்பும் தானே சொல்வதில்லை. அதற்கு மறுபுறத்தில் தேடும் ஒருவர் வேண்டும். அவர் தரும் ஒரு துளிக் குருதி வேண்டும். திரும்பி வராத கணவரை எண்ணியிருந்த பெண்கள் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். பாட்டன் பெயரைத் தந்தையின் பிறப்புச் சான்றிதழில் மட்டுமே கண்டவர்கள் அவர்களுள் பலர்.