கையெழுத்து ஹலாலாக்கி விடுமா?



சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர் அஸருக்குப் பின் என்னிடம் வந்தார். "சவூதி விசா வந்துடுச்சு ஹஜ்ரத், துஆ செய்யுங்க" என்று விசா நகலையும் ஒப்பந்தத் தாளையும் நீட்டினார். எலக்ட்ரீஷியன் வேலை என்று சொல்லி ஏஜெண்ட் அவரிடம் ஒன்றரை லட்சம் வாங்கியிருந்தார். அரபியிலோ, சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி என்று இருந்தது. சம்பளமும் சொன்னதில் பாதிதான். நான் வாசித்துச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

ஏஜெண்டை அழைத்துக் கேட்டோம். அவரும் ஐவேளை தொழுபவர்தான். "நான் வற்புறுத்தலையே ஹஜ்ரத், அவரே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றார்.

சகோதரர்களே! ஒருவர் சம்மதித்து விட்டால் அவருடைய பணம் நமக்கு ஹலாலாகி விடுமா?

தரகுத் தொழில் குற்றமல்ல. இப்னு ஸீரீன், அதா, ஹஸன் (ரஹ்) போன்ற முன்னோர்கள் தரகர் கூலியில் குற்றம் காணவில்லை என்பதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உழைத்ததற்குக் கூலி வாங்கலாம். ஆனால் ஒருவர் பொருளை மற்றவர் உண்பதற்குப் பரஸ்பர திருப்தியை அல்லாஹ் நிபந்தனையாக்கினான் (அந்நிஸா 29). தெரியாத ஒன்றில் எப்படித் திருப்தி வரும்?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள். விளம்பரத்தில் எலக்ட்ரீஷியன், ஒப்பந்தத்தில் சுமை தூக்குபவர் என்றால், அதுவும் அந்த ஈரத் தானியம்தான்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது ஊரும் இல்லை, உறவும் இல்லை, கையில் எதுவும் இல்லை. என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்ளும் நிலை. ஆனால் அந்தப் பெரியவர் அந்தத் தேவையைப் பயன்படுத்திக் கொள்ளவில்லை. எட்டு ஆண்டுகள் வேலை, பத்தாக்குவது உம் விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்று முன்கூட்டியே தெளிவாகப் பேசினார் (அல்கஸஸ் 27). தேவையுள்ளவரிடம் நாம் பேசவேண்டிய முறை இதுதான்.

வேலை தேடும் இளைஞர்களே! கேள்வி கேட்பது உங்கள் உரிமை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட் அரசின் சொத்து, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க ஏஜெண்டுக்கு உரிமையில்லை. விசிட் விசாவில் போய் வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள். புரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். அரபித் தாளாக இருந்தால் எந்த நேரமும் என்னிடம் கொண்டு வாருங்கள். இப்படி விசாரிப்பது தவக்குலுக்கு எதிரானதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் நம்பிக்கை வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

"நம்ம ஆளுதான், நம்பிக் கொடுங்க" என்று சிபாரிசு செய்பவர்களே! நல்ல பரிந்துரைக்கும் தீய பரிந்துரைக்கும் அதனதன் பங்கு உண்டு (அந்நிஸா 85). நீங்கள் விசாரிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு குடும்பத்தின் நகை ஏலம் போகலாம்.

அந்த இளைஞருக்குப் பாஸ்போர்ட் உடனே திரும்பியது. பணத்தில் பாதிதான் இதுவரை வந்திருக்கிறது. மீதியை ஏஜெண்ட் இங்கே கொடுக்காவிட்டால், ரூபாய் செல்லாத மறுமை நாளில் தம் நன்மைகளிலிருந்து கொடுக்க வேண்டி வரும். அங்கே அந்தக் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அல்லாஹ் நம் வருமானத்தை ஹலாலாக்கி, பிறர் கண்ணீர் கலக்காத உணவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.